துளசிமணி வீட்டு அணில்வால் புல்

உடுமலைக்குக் கிழக்கே தாராபுரம் ரோட்டில், மின்சாரக் காத்தாடிகள் சுற்றும் காட்டுக்கு நடுவே, நாற்பத்தொரு வீடுகள் மட்டும் எழும்பி மீதி மனைகளில் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கும் முல்லை நகரில், ஆனி பிறந்து மேல்காற்று கணவாயைத் தாண்டி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும், அடுத்த தெருத் துணி அதற்கும் அடுத்த ஊரில் கிடக்கும், ஆகவே அங்கே யாரும் நல்ல புடவையை வெளியே காயப்போடுவதில்லை; அப்படிப்பட்ட இடத்தில்தான் துளசிமணி, காற்றில் ஆடினால் பார்க்க அழகாக இருக்கும் என்ற ஒரே ஆசைக்காக, ஒரு புல்லை வாங்கி வந்து வாசலில் நட்டாள்.

அவள் புருசன் கனகராசு காத்தாடிகளில் மராமத்து வேலை பார்ப்பவன். தென்னை மரம் நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் எட்டாத உயரத்துக்கு ஏறி, கிரீஸ் வைத்துவிட்டு, இறங்கி வந்து சாவகாசமாகத் தயிர்சோறு சாப்பிடுவான். அவர்களுக்கு ஒரே மகள் நேத்ரா. புல் வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. எதிர் வீட்டுக் கோமதி டீச்சர் பதினோரு வகை ரோஜா வைத்துக்கொண்டு பன்னிரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்று துளசிமணிக்கு வயிறு எரிந்தது.

நர்சரிக்கார ரங்கசாமி, பெரிய ஓட்டல்களின் வாசலில் வைக்கிற சாதி இது, பெயர் ஃபவுண்டன் கிராஸ் என்று சொல்லி ஒரு தொட்டியைக் கொடுத்தான். ஊதா படிந்த மெல்லிய தாள்கள், நுனியில் ஊதாக் கதிர்கள், ஒவ்வொரு கதிரும் ஓடும் அணிலின் வாலைப் போலப் புசுபுசுவென்று. முல்லை நகர் இங்கிலீஷ் பெயரை ஒரே நாளில் கீழே போட்டுவிட்டு அணில்வால் என்று வைத்துக்கொண்டது.

நட்ட எட்டாம் நாள் காலை, சன்னல் சாத்தி, ஃபேன் நின்றிருந்த அறையில், கண்ணாடி முன்னால் தலையை விரித்துப் போட்டு நின்றிருந்த நேத்ராவின் கூந்தல் மொத்தமும் கிழக்கே சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் சாய்ந்தது. வெளியே காற்றில் அணில்வால் எப்போது சாய்ந்ததோ அப்போதெல்லாம் சாய்ந்தது. துளசிமணி பார்த்தாள். எண்ணெய்ப் பசை போதவில்லை என்று முடிவு செய்து, ஒரு கை விளக்கெண்ணெய் எடுத்து உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கூந்தல் எண்ணெயோடு சாய்ந்தது.

அந்த வாரமே சென்னியப்பனின் வெள்ளாடு ஒன்று கேட்டுக்கு மேலே முன்னங்காலை வைத்து எக்கி, அணில்வாலில் ஒரு வாய் கடித்துக்கொண்டு போனது. அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்திருந்த நேத்ராவின் இடது காதோரம் ஒரு கொத்து முடி, கடித்து எடுத்த மாதிரி காணாமல் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பையைச் சோதித்துப் பார்த்தார்கள், கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. சாயங்காலம் மகளின் காதோரத்தையும் வாசலில் கடிபட்ட புல்லையும் மாறி மாறிப் பார்த்தாள் துளசிமணி. அன்று பிடித்த பயம் அஞ்சு வருசம் அவளை விடவில்லை.

முடியோடு போயிருந்தால் பரவாயில்லை. சித்திரையில் ஒன்பது நாள் குழாயில் தண்ணீர் வராமல் அணில்வாலின் நுனி காய்ந்தபோது நேத்ராவுக்குக் காய்ச்சல் வந்து, மாத்திரைக்கும் ஊசிக்கும் கேட்காமல், உதடு வெடித்துப் படுத்துவிட்டாள். கனகராசு காத்தாடி சைட்டில் இருந்த போர்வெல்லில் ரெண்டு குடம் பிடித்து மொபெட்டில் கட்டி வந்து புல்லின் அடியில் ஊற்றினான். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி முடிவதற்கு முன்னால் நேத்ரா எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்றாள். வாசலில் நின்றிருந்த தெரு முழுக்க அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை.

முல்லை நகர் இதையெல்லாம் பெரிசுபடுத்தவில்லை. ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒருத்தருக்கு மூட்டு வலி இருக்கிறது, கனகராசு மகளுக்குப் புல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, காம்பவுண்டுக்கு மேலே புல்லைப் பார்த்து, “இன்னிக்குப் புள்ள தெளிவா இருக்குதுங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சென்னியப்பன் தன் ஆடுகள் இருபத்திரண்டுக்கும் அந்தத் தெருவைக் கடக்கிற வரைக்கும் வாய்க்கூடு போட்டான். தண்ணீர் லாரிக்காரன் முதல் குடத்தை அந்த வாசலில் இறக்கிவிட்டுத்தான் ஆரன் அடித்தான். முக்கு ரோட்டு டாக்டர், புள்ளையைக் கூட்டிவந்து ஏன் அலைக்கழிக்கிறீங்க, புல்லை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லி, சளி பிடித்தால் மண்புழு உரம் ரெண்டு கைப்பிடி, காலையில் மட்டும் என்று சீட்டு எழுதினார். ஜாதகத்தோடு வந்த ஒரு தரகர் பெண்ணைப் பார்க்கவே இல்லை. வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதிர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஊருக்குப் பழகிவிட்டது, துளசிமணிக்குத்தான் பழகவில்லை. யார் வீட்டிலாவது மாடு கத்தினால் அவள் கேட்டுக்கு ஓடினாள். தெருவில் பையன்கள் பந்து விளையாடினால் வாசலிலேயே நின்றாள். ஆனி மாதம் வந்தால் பழைய புடவைகளைக் கிழித்து அணில்வாலைச் சுற்றிக் கட்டினாள், சுற்றிலும் பச்சை வலை அடித்தாள், வலைக்கு வெளியே தகரம் வைத்தாள், தகரத்துக்கு வெளியே செங்கல் அடுக்கினாள். அந்த மூன்று மாதமும் நேத்ரா கழுத்தைத் திருப்ப முடியாமல், முழு உடம்போடு திரும்பிப் பதில் சொன்னாள். வருசம் ஒருக்கா தை முடிந்ததும் ஒரு சாண் விட்டு மொத்தமாக அறுத்துப் போட வேண்டும், அப்போதுதான் புதுசாகத் துளிர்க்கும் என்று ரங்கசாமி விற்கும்போதே சொல்லியிருந்தான். அறுப்பதா? துளசிமணி வீட்டில் அரிவாளைப் பரண்மேல் ஏற்றி, கனகராசு சவரம் செய்கிற பிளேடைக்கூடப் பூட்டி வைத்தாள்.

நேத்ரா காலேஜ் முடித்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பழனியைத் தாண்டி அவள் போனதே கிடையாது. தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. “அங்கத்த காத்து எப்புடியோ, தண்ணி எப்புடியோ, போகாதே அம்மிணி” என்றாள் துளசிமணி. ஆறு மாதம் கழித்து அதே கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. “அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா” என்றாள் நேத்ரா. “ஆயிட்டா?” என்றாள் துளசிமணி. நேத்ரா கம்பெனிக் கடிதத்தை மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள்.

அஞ்சாம் வருசம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உரம் வைப்பதற்காகப் புல்லை ரெண்டு கையாலும் விலக்கிப் பார்த்தாள் துளசிமணி. சுற்றிலும் வட்டமாகப் பச்சை இருந்தது. நடுவில், ஒரு சோற்றுப் பானை வைக்கிற அளவுக்கு, சாம்பல் நிறத்தில் செத்துப் போயிருந்தது. விரலை வைத்தாள், மக்கிய வைக்கோலாக உள்ளே போனது.

அவள் உள்ளே ஓடினாள். நேத்ரா அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள்.

“அம்மிணி, கருகுதல்ல?”

“ஆமாம்மா,” என்றாள் நேத்ரா, திருப்பிப் போடாமல்.

யோசித்துப் பார்த்தால் அது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எங்கேயோ பார்ப்பாள். சாப்பிட்டதும் உப்பு போட்டேனா இல்லையா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். சிரிப்பாள், ஆனால் அந்தச் சிரிப்பு அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அடக்கமான பிள்ளை என்று தெரு மெச்சிக்கொண்டிருந்தது, துளசிமணியும் பெருமைப்பட்டிருந்தாள். நினைத்ததும் அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் நேரில் வந்தார். நேத்ராவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். குழாயைக் கழற்றித் துளசிமணியின் காதில் மாட்டினார். உள்ளே காய்ந்த சோளத்தாள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

“ரங்கசாமியக் கூப்பிடுங்க. இது என் வேலை இல்ல,” என்றார் டாக்டர்.

ரங்கசாமி வந்து புல்லை விலக்கிப் பார்த்த உடனேயே தலையில் கை வைத்துக்கொண்டான். “எத்தன தடவ அறுத்தீங்க?”

“அறுக்கலீங்.”

“ஒருக்காக்கூடவா? பிரிச்சும் வெக்கலையா?”

“எம்புள்ளைங்க அது. எப்புடிங்க அறுக்கறது?”

“அறுக்காததுலதான் நடு செத்துருச்சு,” என்றான் ரங்கசாமி. கோபத்தில் சொன்னானா வருத்தத்தில் சொன்னானா என்று தெரியவில்லை. “இன்னும் பத்து நாள் விட்டீங்கன்னா சுத்தியுள்ளதும் போயிரும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அடியோட அறுத்து, கடப்பாரை போட்டுத் தோண்டி, செத்ததத் தூக்கி எறிஞ்சுட்டு, உசுருள்ளத ஏழு துண்டாப் பிரிச்சு, ஏழு எடத்துல வெக்கோணும். இதே மண்ணுல வெச்சா வேர் எடுக்காது. வேற வேற மண்ணு.”

“கடப்பாரையா?” என்று கேட்டது கனகராசு.

அன்று சாயங்காலமே துளசிமணி வீடு வீடாக ஏறினாள். ஏழு துண்டு, ஏழு வீடு, ஒரு துண்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், கண் கலங்கினார்கள், வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றார்கள். இந்த இடத்தில் முல்லை நகரின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே எந்தச் செடியையும் அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவதில்லை, எடுத்துக் கொடுப்பதுமில்லை. கையால் எடுத்துக் கொடுத்த செடி வேர் பிடிக்காது, திருடி வைத்ததுதான் பிடிக்கும். ஆகவே ரோஜாவில் ஒரு குச்சி வேண்டுமென்றால் சும்மா பேச வந்த மாதிரி வருவார்கள். வீட்டுக்காரிக்குப் புரிந்துவிடும், பால் பொங்குது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். திரும்பி வரும்போது வந்தவளும் இருக்கமாட்டாள், குச்சியும் இருக்காது. எடுத்தவள் சொல்லக் கூடாது, இழந்தவள் கேட்கக் கூடாது. எங்கே வைத்தாய், எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாலும் வேர் பட்டுப் போகும்.

“நீங்க குடுத்து நாங்க வாங்கி, அது கருகிப் போச்சுன்னா நாங்க எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடக்கறது?” என்றாள் கோமதி டீச்சர். அவள் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள், எதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். “குடுக்காதீங்க துளசி. செவுத்து மேல வெச்சுட்டு உள்ள போயிருங்க.”

“எம்புள்ள எந்த வீட்டுல இருக்கறான்னு எனக்குத் தெரிய வேண்டாமா டீச்சர்?”

“தெரியக் கூடாது.”

துளசிமணி அங்கேயே ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அஞ்சு வருசமாக அவள் புல்லின் ஒவ்வொரு தாளையும் அறிந்தவள். எந்தத் தாள் மஞ்சளானால் மகளுக்கு எங்கே வலிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இனி ஏழு சுவர்களுக்குப் பின்னால் ஏழு துண்டு. ஒருத்தி தண்ணீர் ஊற்ற மறப்பாள், ஒருத்தி ஊருக்குப் போவாள், ஒருத்தி வீட்டில் கோழி கிளறும், இவள் எட்டிப் பார்க்கக் கூடாது, விசாரிக்கக் கூடாது. செத்துப் போவதைவிட இது எந்த விதத்தில் மேல் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எல்லாச் சன்னல் திரையும் ஒரு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது. கனகராசு பரணிலிருந்து அரிவாளை இறக்கினான். மேகத்துக்குள் ஏறி நின்று நட்டு முடுக்குகிறவன், ஒரு புல்லுக்கு முன்னால் குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். “என்னால ஆகாது துளசி,” என்று அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

நேத்ரா படியில் வந்து உட்கார்ந்தாள். மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டாள்.

“அறும்மா,” என்றாள்.

“வலிச்சா சொல்லு அம்மிணி. உடனே நிறுத்திர்றேன்.”

“நிறுத்தாதே.”

துளசிமணி இடது கையால் ஒரு பிடி சேர்த்துப் பிடித்து அறுத்தாள். படியில் ஒரு பிடி கூந்தல் விழுந்தது. அடுத்த பிடி, அடுத்த பிடி, ஊதாக் கதிர்கள் ஒருபக்கம் விழ விழக் கருங்கூந்தல் மறுபக்கம் விழுந்தது, அவள் அறுத்தாள், வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே அறுத்தாள், கடைசிப் பிடி விழுந்தபோது பழனிக்கு முடி கொடுத்துவிட்டு வந்த பிள்ளையாக நேத்ரா மொட்டைத் தலையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். துளசிமணி உள்ளே ஓடிப் போய்ச் சந்தனம் குழைத்து வந்து அந்த மண்டையில் பூசினாள். பூசும்போது மகள் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். முழு உடம்பும் திரும்பாமல், கழுத்து மட்டும் திரும்பியது.

பிறகு கடப்பாரை. முதல் குத்தில் நேத்ராவுக்கு ஒரு விக்கல் வந்தது. ரெண்டாவது குத்துக்கு ரெண்டாவது விக்கல். துளசிமணி கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். குறி தப்பினால் என்ன ஆகும் என்று பயந்து கண்ணை அகலத் திறந்துகொண்டு குத்தினாள். செத்த நடு, சாணி வறட்டியைப் போல மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. அதைத் தூக்கிச் சாலைக்கு அப்பால் எறிந்தபோது, நேத்ரா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஏழு குத்தில் ஏழு துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வேர், ஒரு விரல் கட்டை. ஈரச் சாக்கை விரித்துக் காம்பவுண்டுச் சுவரின்மேல் வரிசையாக வைத்தாள். மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். பால் பொங்குது என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். அடுப்பில் பால் இல்லை. அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. போனது. ஒரு கொலுசுச் சத்தம் வந்தது, போனது. ஒரு தடவை ஆட்டுமணி கேட்டது. சென்னியப்பனுமா, ஆடு இருக்கிற வீட்டுக்கா என்று முனகினாள். யாரோ இருமினார்கள், அது கோமதி டீச்சரின் இருமலா, திரும்பிப் பார்த்துவிடலாமா, ஒரே ஒரு தடவை, கண்ணை ஓரமாக மட்டும் திருப்பினால் அது பார்த்ததில் சேருமா என்று கணக்குப் போட்டாள். அவள் நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் எந்தச் சத்தமும் வரவில்லை. நூறு எண்ணிவிட்டு வெளியே வந்தாள்.

ஆறு போயிருந்தது. ஒன்று மட்டும் சாக்கின்மேல் இருந்தது.

தாய்க்கென்று ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஆறு வீடுகளும் ஒருவரை ஒருவர் கேட்காமலே அதே தயவை நினைத்திருக்கின்றன. அந்தத் தயவு அவள் மகளைக் கொன்றுகொண்டிருந்தது. இந்த வாசல் மண்ணில் அது எடுக்காது. வேறு மண்ணில் வைக்கலாமென்றால், தன் பொருளைத் தானே எப்படித் திருடுவது? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கின் ஈரம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. வேர்முடிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

“பால் பொங்குதுங்க!” என்று துளசிமணி தெருவைப் பார்த்துக் கத்தினாள். “இன்னொருக்காப் பொங்குதுங்க! எங்கூட்டுல யாரும் பாக்க மாட்டோம்!” சன்னல் திரைகள் அசைந்தன. ஆளுக்கு ஒன்றுதான் எடுக்கலாம் என்பது தெருவுக்குத் தெரியும், ரெண்டு எடுத்தால் அது திருட்டு; எடுக்காத வீடுகளோ தாய்க்கென்று விட்டதில் கை வைக்காது. ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே போய் மகளைத் தொட்டுப் பார்த்தாள். கை சூடாக இருந்தது, கால் சூடாக இருந்தது, நெஞ்சு மட்டும் குளிர்ந்துகொண்டே வந்தது. உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தாள். தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. துளசிமணி மறுபடி அடுப்படிக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, யாராச்சும் வாங்க, யாராச்சும் எடுங்க, எவ கையா இருந்தாலும் சரி, எந்த ஊரா இருந்தாலும் சரி, நான் கேக்க மாட்டேன், கேக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

கட்டில் முனகியது. வெறுங்கால் தரையில் பட்டு நடந்தது, தள்ளாடியது, நின்றது, மறுபடி நடந்தது. பீரோ திறந்து மூடியது. பையின் ஜிப் இழுபட்டது. அந்தக் கால்கள் அடுப்படி வாசலுக்கு வந்து, அவளுக்குப் பின்னால், மூச்சு கேட்கிற தூரத்தில் நின்றன. துளசிமணிக்கு முதுகெல்லாம் கண்ணாக இருந்தது. அவள் திரும்பவில்லை.

“அம்மா, பால் பொங்குதாம்மா?” என்று நேத்ரா கேட்டாள். குரல் பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்திலிருந்து, தெளிவாக, கொஞ்சம் அழுகையோடும் கொஞ்சம் திருட்டுத்தனத்தோடும் வந்தது.

“ஆமாம் கண்ணு,” என்றாள் துளசிமணி சுவரைப் பார்த்தபடி. “பொங்குது. எனக்கு இப்பத் திரும்ப முடியாது.”

கால்கள் போயின. வாசலில் வாளித் தண்ணீர் சாக்கில் ஊற்றப்படும் சத்தம், ஈரச் சாக்கில் எதையோ சுருட்டும் சத்தம், கேட்டின் தாழ்ப்பாள். கார் ஷெட்டிலிருந்து கனகராசு, “எங்கே போ” என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. தாராபுரம் ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. அது கிழக்கே போகிற பஸ்ஸா மேற்கே போகிற பஸ்ஸா என்பதைச் சத்தத்தை வைத்தே துளசிமணியால் சொல்லிவிட முடியும், இருபது வருசமாகக் கேட்கிறாள். அவள் ரெண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.